அக்கா பெயர்க்கச் சொன்ன உபயக் கல்

அக்கா மறைந்து ஓராண்டு முடிகிறது. இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்டு பந்திக்குப் போகும் உறவினர்களும் நண்பர்களும் இதை இப்போதே படிக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய், கால் நீட்டி உட்கார்ந்து, நேரம் கிடைக்கும்போது படியுங்கள். எழுதுகிற எனக்கே இதை முடிக்கப் பல மாதங்கள் பிடித்தன. துக்கம் என்பதைவிட அலுப்பு என்பதுதான் சரியான சொல். நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அது தெரியும். ஆள் போன பிறகும் உடம்பு மருந்து வேளைக்கு எழுந்துகொள்கிறது; எழுந்த பிறகுதான் வேலை எதுவும் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது.

நான் அக்காவின் ஒரே தம்பி. அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தேதி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன் என்று குடும்பத்தில் பெயர். அதனாலேயே, உறுதியாகத் தெரியாத இடங்களில் தேதி போடாமல் மாதத்தோடு நிறுத்தியிருக்கிறேன். தவறான தேதியைவிடத் தேதி இல்லாமலிருப்பது மேல்.

அக்கா வாலாஜாபாத்தில் ஓர் ஆவணி மாதம் பிறந்தார். பள்ளிச் சான்றிதழில் ஜூன் என்று இருக்கிறது. அது சேர்க்கையின்போது தலைமை ஆசிரியர் தம் வசதிக்குப் போட்ட மாதம். எங்கள் தலைமுறையில் ஊரில் பாதிப் பேர் ஜூனில்தான் பிறந்திருக்கிறார்கள். ஆவணி என்று சொன்னது அம்மா. பாலாற்றில் தண்ணீர் வந்த வருடம் என்றும் சொல்வார். அது எந்தத் தண்ணீர் என்பதில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

அப்பா அரிசி ஆலையில் நெல் அவிக்கும் வேலை பார்த்தார். அக்கா உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது அவர் இறந்துவிட்டார். அம்மா இட்லிக் கடை போட்டார். அக்கா காலையில் மாவு அரைத்துக் கொடுத்துவிட்டு, ரயிலேறிக் காஞ்சிபுரம் கல்லூரிக்குப் போய்ப் படித்தார். தாவரவியல் அவர் விரும்பி எடுத்த பாடம் இல்லை. கணிதத்தில் இடம் இல்லை என்று சொன்னதால் கிடைத்ததை எடுத்துக்கொண்டார். முதல் வருடம் முழுவதும் அதைத் திட்டிக்கொண்டே படித்தார்.

அந்தத் திட்டு எப்போது நின்றது என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் பூசணிக்கொடி படர்ந்திருந்தது. ஒருநாள் அதில் ஓர் இலைக்கு நடுவில் கறுப்புக் காகிதத்தைப் பட்டையாகச் சுற்றி, குண்டூசி குத்தி வைத்துவிட்டுப் போனார். "கொடிக்கு எதுக்குடி கட்டு போட்டிருக்கே, அடிபட்டுச்சா?" என்று அம்மா கேட்டார். இரண்டு நாள் வெயிலுக்குப் பிறகு அந்த இலையைப் பறித்து, பச்சை போக வேகவைத்து, கல்லூரியிலிருந்து கேட்டு வாங்கிவந்த அயோடினைச் சொட்டுவிட்டார். இலை கருநீலமானது. காகிதம் சுற்றியிருந்த பட்டை மட்டும் வெளுப்பாகவே நின்றது.

"நீலமா இருக்குதே, அது மாவு. நம்ம அரிசில இருக்கிற அதே மாவுதான்மா," என்றார் அக்கா. "வெயில் பட்ட இடத்துல இலை தானே சமைச்சு வச்சிருக்குது. காகிதம் மூடின இடத்துல அடுப்பே எரியல."

"காத்துலேயும் தண்ணியிலேயும் மாவு பண்ணுதா?" என்றார் அம்மா. பிறகு அன்றைக்கு அரைத்த மாவுக் குண்டானைப் பார்த்தார். "அப்ப நாம இன்னாத்துக்கு ஆட்டுக்கல்லோட மாரடிக்கிறோம்?"

அதன் பிறகு அக்கா பாடத்தைத் திட்டவில்லை.

ஆசிரியர் பயிற்சி முடித்துக் கிராமத்துப் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியராக இருந்தார். கடைசியாகக் கூரம் பக்கம் வேலை பார்த்து, அங்கேயே ஓய்வு பெற்றார். இடையில் காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி நெய்யும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். மாமா அதிகம் பேசாதவர். தறியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். குழந்தை இல்லை என்பதை அந்த வீட்டில் யாரும் குறையாகப் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. பேசியிருந்தாலும் அக்கா என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீடு மாமாவின் தம்பியுடையது. அவரும் நெசவுதான். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் ஒரு கதவு. அது எப்போதும் திறந்திருக்கும்.

மாமா திடீரென்று, தூக்கத்தில் போனார். மார்கழிக் கடைசி என்று அவர் தம்பி சொல்வார். தை பிறந்துவிட்டது என்று அக்கா சொல்வார். இறப்புச் சான்றிதழில் தை இருக்கிறது. நான் அக்கா பக்கம்.

முதலாண்டு நினைவு வந்தபோது மாமாவின் தம்பி (இனி தம்பி என்று எழுதுவது இவரைத்தான்), அண்ணன் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்றார். நானும் என் மனைவியும் அப்போது அக்கா வீட்டிலேயே வந்து தங்கியிருந்தோம். எங்கள் தெரு முனையில் ஒரு சின்னச் சிவன் கோயில் இருக்கிறது. தெருக்காரர்களே பார்த்துக்கொள்வது. அதன் முற்றத்தில் ஒரு வில்வ மரம். மரத்தைச் சுற்றி வெறும் மண். மழை பெய்தால் சேறு. தம்பி தம் கைப்பணத்தில் அங்கே சிமெண்டுத் தளம் போட்டு, அடிமரத்தை ஒட்டிப் பளபளவென்று கிரானைட் மேடை கட்டினார். அதன் முகப்பில் மாமாவின் பெயர் பொறித்த உபயக் கல். பிரதோஷத்துக்கு வருகிறவர்கள் வெயிலில் நிற்க வேண்டாம் என்று முற்றத்துக்குத் தகரக் கூரையும் போட்டார். நேர்த்தியான வேலை. அக்காதான் முதல் விளக்கு ஏற்றினார். கல்லில் மாமாவின் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். அன்றைக்கு யாருக்கும், அக்காவுக்கும்கூட, எதுவும் தோன்றவில்லை.

இரண்டு மழைக்காலம் கழிந்தது. வில்வத்தின் இளம் இலைகள் மஞ்சளாக வரத் தொடங்கின. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. கூரையின் கீழே இருந்த கிளைகள் மெலிந்தன. தெருவில் எல்லோருக்கும் கவலை வந்தது. கவலைப்பட்டு அவர்கள் செய்த காரியங்களைத்தான் நான் இங்கே பதிந்து வைக்க விரும்புகிறேன்.

சிவனுக்கு அர்ச்சனைக்கு வில்வ இலை வேண்டும். பிரதோஷம்தோறும் எட்டிய கிளையில் எல்லாம் பறிப்பார்கள். மரத்திடமிருந்து எடுத்துக்கொள்கிறோமே என்று, பதிலுக்கு அடியில் பால் ஊற்றுவார்கள். இது எங்கள் தெருவில் எப்போது தொடங்கிய வழக்கம் என்று விசாரித்துப் பார்த்தேன்; யாருக்கும் தெரியவில்லை. மரம் வாடியதும் பால் கூடியது. கல்லுக்கும் அடிமரத்துக்கும் நடுவே விட்டிருந்த இடுக்கில் தயிர், இளநீர், பஞ்சாமிர்தம் என்று போய்க்கொண்டே இருந்தது. தறியின் பாவு நூலுக்குப் போட்டு மிஞ்சிய அரிசிக் கஞ்சியைக்கூட ஒருவர் கொண்டுவந்து கொட்டினார். பரிகாரம் என்று அர்ச்சனையையும் கூட்டினார்கள். அதற்கு இன்னும் இலை பறித்தார்கள்.

ஒரு பிரதோஷ மாலை, எதிர்வீட்டு அம்மாள் பால் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கும்போது அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. அது குடிக்காது."

"இன்னா டீச்சரம்மா இப்படிச் சொல்றீங்க. இலையை எடுத்துக்கறோம், பாலைக் குடுக்கறோம். சரிக்குச் சரி."

"வேர் வாய் இல்லம்மா. தண்ணியும், அதுல கரைஞ்ச உப்புச் சத்தும்தான் வேர் எடுக்கும். சோறு சமைக்கிறது மேல, இலையில. நீ சமைக்கிறவளோட கையை ஒடிச்சுட்டு, பசிக்குமேன்னு அவ கால்ல சோத்தைக் கொட்டற."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். பாலையும் ஊற்றிவிட்டார். "டீச்சரம்மா ரிட்டையர் ஆனதுலேருந்து சாமிக்கே பாடம் எடுக்கறாங்க," என்று அவர் சன்னதிப் பக்கம் போகும்போது சொன்னது எங்கள் காதில் விழுந்தது.

அன்றிரவு சாப்பிடும்போது அக்கா எனக்கு விளக்கமாகச் சொன்னார். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அவை வழியாகக் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே போகிறது. வேரிலிருந்து தண்ணீர் ஏறுகிறது. பச்சையம் வெயிலைப் பிடித்து, இரண்டையும் சேர்த்துச் சர்க்கரை செய்கிறது. அந்தச் சர்க்கரை பட்டையின் உட்புறமாக இறங்கி வேருக்குப் போகிறது. அதாவது, வேரை ஊட்டி வளர்ப்பது இலை. வேர் அதற்குப் பதிலாக மண்ணிலிருந்து தழைச்சத்து, சாம்பல் சத்து, இரும்பு என்று இலைக்கு வேண்டியதைத் தேடி அனுப்புகிறது. அப்படித் தேடுவதற்கு வேரும் மூச்சுவிட வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே காற்று இல்லையென்றால் பக்கத்திலேயே இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. பால் மண்ணில் புளித்து அழுகும்போது, அழுகவைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கிற கொஞ்சக் காற்றையும் தீர்த்துவிடுகின்றன. சிமெண்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு வேறு இரும்பைக் கரையவிடாமல் கட்டிப்போடுகிறது. மேலே தகரம் வெயிலை மறைக்கிறது.

"எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரிக்குது," என்றார். "அந்தக் கல்லை எடுத்தாகணும்டா."

மாமாவின் பெயர் இருக்கும் கல் அது. அதை அவர் எனக்கு நினைவூட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

தம்பியிடம் அக்கா கேட்டபோது நான் உடனிருந்தேன். ஐப்பசி, தீபாவளி முடிந்த வாரம். தம்பி தறியில் இருந்தார். அக்கா நடுக்கதவைத் தாண்டி உள்ளே போய் நின்றார்.

"முடியாது அண்ணி," என்றார் அவர், தறியை நிறுத்தாமல். "அண்ணன் பேரு அதுல இருக்குது."

"பேரு எங்க வேணா இருக்கலாம்பா. மரம் அங்கதான் இருக்க முடியும்."

"ஊரே பாத்துக்கினு இருந்துச்சு நான் வச்சப்போ. இப்ப நானே பேத்தா இன்னா சொல்வாங்க? அண்ணனுக்கு வச்ச கல்லைத் தம்பியே புடுங்கிட்டான்னு சொல்ல மாட்டாங்க?"

"உன் தறிக்கு மேல கண்ணாடி ஓடு பதிச்சிருக்கியே, எதுக்கு?"

"வெளிச்சத்துக்கு."

"உனக்கு நெய்யறதுக்கு வெளிச்சம் வேணும். அதுக்குச் சமைக்கிறதுக்கு வேணாமா?"

அவர் தறியை நிறுத்தினார். "அண்ணி, நீங்க படிச்சவங்க. உங்க கூடப் பேசி நான் ஜெயிக்க மாட்டேன். ஆனா கல்லை எடுக்க மாட்டேன்."

அன்று முதல் நடுக்கதவு மூடியே இருந்தது. அக்கா கோயில் நிர்வாகக் கூட்டத்தில் கேட்டார். உபயதாரர் சம்மதிக்காமல் தொட முடியாது என்றார்கள், அதுவும் நியாயம்தான். அடுத்த கூட்டத்திலும் கேட்டார். தெருவில் தம்பியைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டார். ஒரே வாக்கியம்: "எப்பப்பா எடுக்கற?" கோபமில்லாமல், பால்காரரிடம் கேட்பதுபோலக் கேட்பார். அவர் நடையை எட்டிப் போடுவார். அண்ணியின் தலையைக் கண்டால் வேறு தெரு வழியாகப் போகத் தொடங்கினார் என்று பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்.

மறு வருடம் ஆடியில் அக்காவுக்கு உணவுக் குழாயில் புற்று என்று தெரிந்தது. விழுங்கும்போது அடைக்கிறது என்று பங்குனியிலேயே சொல்லியிருந்தார். கதிர்வீச்சு, ஊசி மருந்து என்று சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் அலைந்தோம். அந்த மாதங்களை நான் வரிசையாக எழுதப்போவதில்லை. எழுத என்னிடம் எல்லாம் இருக்கிறது, தெம்பு இல்லை. கார்த்திகையில் தொண்டை வழியாக எதுவும் இறங்காத நிலை வந்தது. வயிற்றில் நேரடியாக ஒரு குழாய் வைத்து அனுப்பினார்கள். அதில் ஊசிக்குழல் வழியாகக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், பால் ஊற்ற வேண்டும். வடிகட்டாவிட்டால் அடைத்துக்கொள்ளும். வேகமாக ஊற்றினால் குமட்டும். ஒரு வேளை முடிந்து பாத்திரம் கழுவுவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும்.

நானும் என் மனைவியும் மாற்றி மாற்றிச் செய்தோம். ஒருநாள் மதியம் குழல் நழுவிக் கஞ்சி படுக்கையில் கொட்டிவிட்டது. அப்போது நடுக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தம்பி வந்து என் கையிலிருந்து குழலை வாங்கினார்.

"நீங்க போய்ப் படுங்க. எனக்குக் காட்டிக் குடுத்துட்டுப் போங்க."

நெசவாளியின் கை. இழை அறாமல் பார்த்துப் பழகிய கை. சொட்டுச் சொட்டாக, அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்றினார். அன்றிலிருந்து மதிய வேளை அவருடையது. கேழ்வரகுக் கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பார்த்து எடுத்துவருவார். இருவரும் கல்லைப் பற்றிப் பேசவில்லை. அதாவது, அவர் பேசவில்லை. அக்கா தம் குழறிய குரலில் தினமும் கேட்டார்.

"எப்பப்பா எடுக்கற?"

"முதல்ல கஞ்சி இறங்கட்டும் அண்ணி."

தை மாதம் ஒருநாள், ஊற்றி முடித்துக் குழாயை மூடிவிட்டு அவர் கேட்டார்: "பசி அடங்குச்சா அண்ணி?"

"வயிறு ரொம்பிச்சுப்பா," என்றார் அக்கா. "சாப்பிட்ட மாதிரி இல்ல."

அவர் பாத்திரத்தைக் கழுவப் போனார். மறுநாள் காலை கோயில் பக்கமிருந்து கல்லுடைக்கும் சத்தம் கேட்டது. கொத்தனாரோடு அவரும் கடப்பாரை பிடித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அம்மாள், "அண்ணன் கல்லையா பேக்கற?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நானே கேட்டேன்.

"அண்ணி கேட்டுக்கினே இருக்காங்கம்மா. தினமும் இல்லேன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது."

மரத்துக்காகச் செய்தேன் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்வதில்லை.

மேடையையும் அதைச் சுற்றிய தளத்தையும் பெயர்த்ததும் அடித்த நாற்றத்தில் கொத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டார். மண் கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தது. மேலாகப் பாலாடைபோல் வெள்ளைப் படலம். ஒரு பக்கத்து வேர்களைத் தொட்டால் பட்டை கையோடு வந்தது. மறு பக்கத்தில், சுவர் ஓரமாகத் தளத்தில் விரிசல் விட்டிருந்த இடத்தில், சில வேர்கள் வெள்ளையாக உயிரோடு இருந்தன. எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "அத்தனையும் நாம ஊத்தினதா?" என்று மட்டும் கேட்டார்.

அழுகிய மண்ணை வாரி எடுத்துவிட்டு, அக்கா படுக்கையிலிருந்து சொன்னபடி, ஆற்று மணலும் மக்கிய எருவும் கலந்த மண்ணைத் தளர்வாகப் போட்டோம். தகரக் கூரையில் மரத்துக்கு நேர்மேலே இருந்த தகடுகளைக் கழற்ற நிர்வாகம் ஒப்புக்கொண்டது. உபயக் கல் உடையாமல் வந்தது. அதை என்ன செய்வது என்று தம்பி அக்காவிடம் கேட்டார்.

"துவைக்கிற கல்லாப் போட்டுக்கோ," என்றார் அக்கா. "உங்க அண்ணன் உசுரோட இருந்தவரைக்கும் ஒரு துணி துவைச்சதில்ல."

தம்பி சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். கல் இப்போது கோயில் சுவரில் பதிந்திருக்கிறது.

மாசியில் மரம் முழுக்க இலை உதிர்த்தது. நான் பதறிப்போய்ச் சொன்னேன். "இந்த மாசத்துல எந்த வில்வமும் இப்படித்தான்டா மொட்டையா நிக்கும்," என்றார் அக்கா. "செத்துச்சா, இருக்குதான்னு இப்பக் கேக்காதே. சித்திரை தாண்டினாத்தான் தெரியும்." சித்திரை தாண்டி அதை நான் பார்ப்பேன், தாம் பார்க்க மாட்டார் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. பங்குனி உத்திரத்துக்கு முந்தைய வாரம், ஒரு முற்பகலில், அக்கா அமைதியாகக் காலமானார். கோயிலைக் கடந்துதான் எடுத்துப் போனோம். மரத்தில் ஓர் இலைகூட இல்லை.

கருடசேவை முடிந்த வாரம், வைகாசியில், சுவர் பக்கத்துக் கிளைகளில் துளிர் வந்தது. கரும்பச்சை இல்லை, ஆனால் பச்சை. மறு பாதி துளிர்க்கவில்லை. இன்றும் மொட்டையாகத்தான் இருக்கிறது; வெட்டிவிட வேண்டும் என்கிறார்கள். முழு மரமும் பிழைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். பாதி பிழைத்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஊற்றும் முறையைப் பொறுமையாகக் கற்றுத்தந்த செவிலியருக்கும், கூலி வாங்க மறுத்த கொத்தனாருக்கும், தகடுகளைக் கழற்ற இசைந்த கோயில் நிர்வாகத்தினருக்கும், தம் களைப்பைச் சொல்லாமல் என் களைப்பைத் தாங்கிய என் மனைவிக்கும், இறுதிச் சடங்குக்கு வெயிலில் வந்து நின்ற கூரம், திருப்புட்குழி, வாலாஜாபாத் உறவுகளுக்கும், அக்காவிடம் படித்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா பெயரில் மரத்தடியில் கல் வைக்கலாம் என்று சிலர் அன்போடு கேட்டீர்கள். வேண்டாம். மன்னியுங்கள்.

மாமாவின் தம்பிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல், போன பிரதோஷத்தன்று கோயிலுக்கே போனேன். தறியை நிறுத்திவிட்டு வந்து மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். பிரதோஷம்தோறும் அங்கேதான் நிற்கிறாராம். வெளியூர்ப் பெண் ஒருத்தி பால் சொம்போடும் இடுப்பில் குழந்தையோடும் வந்து, மரத்தருகே குனிந்தாள்.

"பாலைப் புள்ளைக்குக் குடும்மா," என்றார் அவர். "அது தன் சோத்தைத் தானே ஆக்கிக்கும். நீ கொஞ்சம் இப்படி நகுந்து நில்லு, அந்தச் சின்னக் கிளையில வெயில் படட்டும்."